கனமில்லாத தரை

ஜீயபுரம் கரையில் படகை வண்டியிலிருந்து இறக்கி வைத்ததும், பிரேமலதா அதன் மூக்கைப் பிடித்துத் தான் ஒருத்தியாகவே மணலில் இழுத்துப் பார்த்தாள். வந்துவிட்டது.

“பூ மாதிரி இருக்கே பாய்! எம் மருமகளை ஒரு வேலைக்கு இழுக்கறதுதான் இதைவிடக் கஷ்டம்.”

வாழைத்தார் சுமக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாலித்தும் சிரித்து வைத்தான்.

காட்டூரில் ஃபைபர் கதவு செய்கிறவன் அவன். படகு இதுதான் முதல். பிரேமலதாவின் வாழை எதிரே ஆற்றுத் திட்டில் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் தாரைத் தலையில் சுமந்து சுமந்தே அவள் முழங்கால் போய்விட்டது. தண்ணீர் ஏறினால் அதுவும் முடியாது. “நான் ஒருத்தியா இழுக்கற மாதிரி வேணும்” என்பது மட்டும்தான் அவள் கேட்டது. படகின் தரையில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே என்ன வைப்பது? பிளைவுட் கனம். படகுக்கென்றே இருக்கிற ஃபோம் சென்னையிலிருந்து வர வேண்டும். காத்திருக்க அவனுக்கு மனமில்லை. கதவுக்குள் வைக்கிற தெர்மாகோலையே வைத்தான். கதவுக்குக் காய்ந்த ஃபைபர் ஷீட்டைத்தான் அதன் மேல் ஒட்டுவான். இங்கே பழக்கமில்லாமல், ஃபைபரை இறுக வைக்கும் ரெசின் பசையை ஈரமாகவே நேராகத் தெர்மாகோல் மேல் பூசிவிட்டான். ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. நேற்று தரையைத் தட்டியபோது காலிப் பானை போலச் சத்தம் கேட்டது.

“அந்தக்கா நம்பி ஏறுவாங்களே, போன் போட்டுச் சொல்லுங்க” என்றாள் அவன் மனைவி ஜஹானாரா.

“நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்.”

நேரில் வந்தால் சூடம், தேங்காய், படகுக்கு மாலை.

“செஞ்சவங்கதான் முதல்ல ஏறணும். வாங்க பாய்.”

“இல்லக்கா...”

“என்ன, நீங்க செஞ்சதுல ஏற நீங்களே பயப்படறீங்க?”

மறுபடியும் சிரிப்பு. ஹாலித் செருப்பைக் கழற்றினான். மணலில் நின்ற படகில் ஏறி, நடுத்தரையில் குதிகாலால் ஓங்கி மிதித்தான். தோல் முறிந்து பாதம் உள்ளே இறங்கியது.

பிரேமலதா குனிந்து பார்த்தாள். வெள்ளையாகக் கொஞ்சம் பிசின். மற்றபடி ஒன்றுமில்லை.

“எப்பத் தெரியும்?”

“நேத்து.”

“தெரிஞ்சுமா மாலை போட விட்டீங்க?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். ஆட்களும் இறங்கினார்கள்.

திரும்பி வரும்போது தலையில் தார் இருந்தது. ஹாலித் பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் நின்று, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினான். அவள் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து, அவனைச் சுற்றிக்கொண்டு கரையேறினாள். பின்னால் வந்தவர்களும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். நீட்டிய கைகளின் மேல், கடந்துபோன ஒரு தாரிலிருந்து வாழைப்பால் ஒரு சொட்டு விழுந்து, கறுக்கத் தொடங்கியது.