கேபிள்மேல் பழி

இரும்புக் கிடங்கின் கக்கூஸ் கதவுக்கு மேலேதான் எங்கள் இன்டர்நெட் கம்பெனி தன் நெட்வொர்க் ஸ்விட்சை மாட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் ஏறி லேப்டாப்பை இணைத்தேன்.

சாத்தாங்காட்டில் இந்தக் கிடங்கு, ராயபுரத்தில் ஆபீஸ். இரண்டு இடத்திலும் கிடங்கு முதலாளி வரதனுடைய ஸ்விட்சுகள், நடுவில் எங்கள் லைன். அவருடைய ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தகவல்களை நாங்கள் பிரிக்காமல் அப்படியே அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். அதைத்தான் டனல் என்போம். ராயபுரத்தில் டனல் போட்ட எங்கள் ஆட்கள் இங்கே போடவே இல்லை. அதனால் அந்தத் தகவல்களையெல்லாம் எங்கள் ஸ்விட்ச் விழுங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் வரதனின் நெட்வொர்க் அடிக்கடி படுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

இரண்டு வரி அடித்தேன். சரியாகிவிட்டது.

"இன்னாம்மா, நம்ம கேபிள்தானே பேஜாரு பண்ணுச்சு?" என்றார் வரதன். "உங்க ஆபீஸ்ல ஒவ்வொரு தபாவும் அப்டித்தான் சொன்னாங்கோ. அதான் கேபிள் போட்ட பாஸ்கலை வேலைய வுட்டே தூக்கிட்டேன்."

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"சார், தப்பு நம்ம பக்கம்தான்."

"தெரியும்மா, போன மாசமே பாத்தேன். இப்ப ஒத்துக்கிட்டா நம்ம மானம் போயிடும். கேபிள்னே சொல்லிட்டு வந்துடு."

கக்கூஸ் நாற்றமே தேவலை என்றிருந்தது. திரும்ப உள்ளே போய், ஸ்பீக்கரை அழுத்தி, போனை வரதன் முன்னால் மேசையில் வைத்தேன்.

"சரியா கேக்கல சார். இன்னொரு தடவ சொல்லுங்க."