மண்ணுக்குப் போன மேஜர்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. முகத்துக்கு நடுவே முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதோடு ஓர் ஐயாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போன மறு வருசம் அந்த மனுசர் ஒரு வெள்ளைக்கார நாயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

நாங்கள் கடலாடிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவர்கள். எங்கள் மிளகாய் வற்றலை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர் கீழக்கரை மீரா சாகிபு. அங்கே அவருக்குப் பழக்கமான தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன், சொந்த ஊருக்குக் கப்பலேறும்போது தன் நாயை அவர் தலையில் கட்டிவிட்டான். தனுஷ்கோடி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த அந்த நல்ல மனுசர், அதற்குமேல் முடியாது என்றுவிட்டார்.

"வீட்டுக்குள்ள நாய் இருந்தா மலக்குமார் வரமாட்டாக. நீ வச்சுக்கப்பா" என்றாராம். அவர் வீட்டுக்கு வானவர் வர வேண்டுமென்று எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது.

அதுவாவது நாய் மாதிரி இருந்ததா? பூனையைவிட ஒரு பிடி பெரிசு. நாலு விரற்கடைக் கால், தேங்காய் நார் மாதிரி முரட்டு மயிர், ஆட்டுக்கிடாய்த் தாடி. வால் ஒரு கைப்பிடி நீளம்தான். பெயர் மேஜர். டெரியர் சாதியாம். என்னைப் பெற்ற அய்யாவை ஒருநாளும் "வாங்க" என்று கேட்டிராத இவர், அந்த நாயை "வாங்க மேஜரு" என்றார்.

நாயோடு துரை எழுதிய காகிதம் ஒன்றும் வந்திருந்தது. எப்படி வளர்ப்பது என்று இங்கிலீஷில் இருந்தது. எங்கள் ஊரில் இங்கிலீஷுக்கு ஒரே ஆள் தங்கசாமி வாத்தியார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"இவன் கோட்ட வருசத்துக்கு ரெண்டு தடவ கழட்டணும்னு போட்டுருக்கு."

"கோட்டு எங்க வாத்தியாரே?" என்றார் இவர்.

"கப்பல்ல எவனாச்சும் அடிச்சிருப்பான். ரெண்டே தடவதான் கழட்டணும்னா மத்த நாளெல்லாம் மாட்டிருக்கணும்னுதான அர்த்தம்?" என்ற வாத்தியார் அடுத்த வரிக்குப் போனார். "மூணு மாசத்துக்கு ஒருக்கப் புழு. என்ன புழுன்னு போடல. வால் இவனுக்குக் கைப்பிடியாம்."

கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. "எலி இருக்க எடத்துல அவுத்து விட்டா, பாத்துக்கிட்டு இருக்கும்போதே மண்ணுக்குப் போயிருவான்னு எழுதிருக்கான்."

இவர் முகம் செத்துப்போனது. மண்ணுக்குப் போவதென்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். பாடையும் சங்கும் அதிலேயே அடக்கம்.

எங்கள் வீட்டிலோ எதற்குப் பஞ்சம் வந்தாலும் எலிக்குப் பஞ்சமில்லை. முந்தின வருசம் மழை பொய்த்துவிட்டது. தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மூட்டை விதைநெல். பிள்ளைகள் கேப்பைக் கூழைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுகூட அதிலிருந்து ஒரு மணி எடுக்கவில்லை நான். புரட்டாசியில் அதை விதைக்காவிட்டால் ரோட்டுக்குக் கல்லுடைக்கப் போக வேண்டியதுதான். அந்தக் குலுக்கைக்கு அடியில் எலி வளை போட்டிருந்தது. கண்ணாடிச் சில்லைப் போட்டு அடைத்தேன், களிமண் வைத்துப் பூசினேன். விடிந்தால் பக்கத்தில் புது ஓட்டை, வாசலில் உமி.

"அந்த நாயத்தான் ஒருநா அவுத்து விட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"ஏ புள்ள, ஒரு உசுரோட வெளையாடுறியா?" என்று பாய்ந்தார். எலி அண்டக் கூடாதென்று நாயை மாட்டுக்கொட்டத்தில் கட்டில் போட்டு அதன்மேல் கட்டிவைத்தார். நாய்க்குக் கட்டில், எங்களுக்குத் தரை.

கோட்டும் வந்தது. என் கொழுந்தனார் பர்மாச் சண்டையிலிருந்து கொண்டுவந்த பட்டாளத்துக் கம்பளியை வெட்டிக் கடலாடி டைலர் தைத்தான். பித்தளைப் பொத்தான் வேறு. மனுசன் கோவணத்தோடு இருக்க முடியாத வெயிலில் மேஜர் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே தோல் வெந்து புண்ணாகி, சுவரில் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனான். எனக்கே பாவமாக இருந்தது. மூணு மாதம் முடிந்த அன்றைக்கு இவர் ஊருணிக் கரையில் மண்புழு தோண்டி, பனையோலைப் பட்டையில் வைத்து நீட்டினார். மேஜர் மோந்து பார்த்தான். இவர் முகத்தைப் பார்த்தான். காலைத் தூக்கிப் பட்டைக்குள்ளேயே மூத்திரம் பெய்தான். எனக்கு அவனைப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

புரட்டாசி பிறந்து மேகம் கட்டியது. ஒருநாள் காலையில் விதையை அளக்கலாமென்று குலுக்கைக்குள் கையை விட்டேன். கை அடிமண்ணில் இடித்தது. ரெண்டு மரக்கால்கூடத் தேறாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் வாயைக் கட்டிச் சேர்த்ததை எலி வாயில் கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. நேரே கொட்டத்துக்குப் போனேன். "போடா, செத்தா ரெண்டு பேருமாச் சாவோம்" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

அவன் மூக்கு நிமிர்ந்தது. அடுத்த நிமிசம் குலுக்கைக்கு அடியில் மண் பறக்கிறது. முன்கால் ரெண்டும் மண்வெட்டி மாதிரி வேலை செய்கின்றன. தலை போனது, தோள் போனது. கோட்டு ஓட்டையில் மாட்டிக்கொள்ள, அவன் ஒரு முறுக்கு முறுக்கினான். பொத்தான்கள் தெறித்துக் கோட்டு வெளியே கிடந்தது. நாயைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்தார். "அய்யோ மேஜரு, மண்ணுக்குப் போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார். ஊரே கூடிவிட்டது. என் நாத்தனார் சேதுலட்சுமி யார் போனதென்று கேட்காமலே ஒப்பாரிக்கு முந்தானையை விரித்தாள். வாத்தியார் வந்து, "நான்தான் அன்னைக்கே படிச்சுச் சொன்னேனே" என்றார்.

மண்ணுக்கடியில் உறுமல் கேட்டது. "சத்தம் போடாதீக" என்று எல்லோரையும் அதட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்து நானே வெட்டினேன். ஒரு முழம் வெட்டியதும் அந்தக் கட்டை வால் தெரிந்தது. வால் கைப்பிடி என்று துரை எழுதியது நினைவுக்கு வர, அடிவாலைப் பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் மண்ணோடு மேஜர் வந்தான், வாயில் பெருச்சாளி. அதை ஓர் உதறு உதறிப் போட்டுவிட்டு என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்ப உள்ளே போனான். இப்படிப் பதினொன்று. இன்னும் வெட்டினால் வளைக்குள்ளே அறை அறையாக நெல் குவிந்திருக்கிறது. என் விதைநெல். அள்ளிப் புடைத்தால் மூட்டைக்கு ஒரு மரக்கால்தான் குறைச்சல். அந்தத் தாடி மூஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

வாத்தியார் காகிதத்தை எடுத்து மறுபடி எழுத்துக் கூட்டினார். "மண்ணுக்குள்ள போயிருவான்னுதான் இருக்கு தாயி. ஒரு 'உள்ள' விட்டுப்போச்சு" என்றார்.

"ஒரு உள்ளுக்கு எங்க குடும்பமே வெளிய போயிருக்கும் வாத்தியாரே" என்றேன்.

பத்து நாள் கழித்து மீரா சாகிபு வந்தார். கோட்டுக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாய் மயிரத்தான் தங்கச்சி துரை கோட்டுன்னு சொல்வாரு. செத்த மயிர வெரலால உருவி எடுக்கணும், அவனுக்கு வலிக்காது. புழுன்னா வயித்துப் புழுவுக்கு மருந்து" என்று மூன்றடி தள்ளி நின்றே சொல்லிக்கொடுத்தார். நான் உருவினேன். மேஜர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். இவர் ஓரமாக நின்று கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

துரையிடமிருந்து நாயை விசாரித்துக் கடுதாசி வந்திருந்ததாம். "என்ன எழுதட்டும் தங்கச்சி?" என்று கேட்டார் மீரா சாகிபு. வாத்தியார் தாளும் பேனாவுமாக முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மேஜரு மண்ணுக்குள்ள போயிட்டுச் சொகமாத் திரும்பி வந்துட்டான்னு எழுதுங்க" என்றேன். "எங்க வெதநெல்லும் நேத்துத்தான் மண்ணுக்குள்ள போச்சுன்னு சேத்துக்கங்க. இந்தத் தடவையாச்சும் 'உள்ள'வ விட்றாதீக."