ஹெப்சிபா வீட்டில் யாரும் இல்லை

ஐவி செத்து வருஷங்கள் ஆகியும் அவளுடைய இருமல் மட்டும் சாகவில்லை. ஞாயிறு காலை, 'நண்பர்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவ சபையின் கூட்டத்தில் எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருக்கும்போது, ஹெப்சிபாவின் இடப்பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து அது வரும். பஞ்சாலைத் தூசி நெஞ்சில் ஏறியவர்களின் வறட்டு இருமல். வேறு யாருக்கும் கேட்காது. நண்பர்கள் கூட்டத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டுக் கிடையாது. உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து நாலு வார்த்தை பேசலாம், இல்லாவிட்டால் சும்மா இருக்கவேண்டியதுதான். கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது. அந்த மௌனத்தில் கடவுள் பேசுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹெப்சிபாவுக்கு இருமல்தான் கேட்டது.

அந்த லங்காஷயர் ஆலை ஊரில் அவளைத் தெரியாதவர் யார்? பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஆலைப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு, நடுவில் கால்வாய்த் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நகரசபையில் சண்டை. "அந்தம்மா வருது, கதவைச் சாத்துங்கப்பா" என்று கவுன்சிலர்களே முனகுவார்கள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். நண்பர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். கோர்ட்டில்கூட பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய மாட்டார்கள். செய்தால் மற்ற நேரமெல்லாம் புளுகுகிறோம் என்று ஆகிவிடுமாம்!

அந்தப் பெருமைதான் ஐவியைக் கொன்றது. புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்த ஆலைக்காரி ஐவியை ஹெப்சிபா மாடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவன் வாசலில் வந்து நின்று, "அவ இங்க இருக்காளா?" என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. பேசாமல் நின்றாள்.

அவன் சிரித்தான். "இல்லேன்னா, இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. ரொம்ப நன்றி டீச்சர்" என்று சொல்லி, அவளைத் தள்ளிவிட்டு மாடியேறினான்.

ஐவி அழக்கூட இல்லை. இருமிக்கொண்டே படியிறங்கி அவன்கூடப் போனாள். அடுத்த மாதம் கால்வாயில் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டதாம். போலீஸும் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

"நீ பொய் சொல்லல ஹெப்சிபா. உன் மனசாட்சி சுத்தம்" என்று கூட்டத்துப் பெசி கையைப் பிடித்துச் சொன்னாள். சுத்தமாம் சுத்தம்! அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது, ஒரு பனிமூட்டமான சனிக்கிழமை மத்தியானம், கிளிஃப் என்பவனின் பெண்டாட்டி மேவிஸ் கைக்குழந்தையோடு அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. ஹெப்சிபா ரேஷன் சர்க்கரையை வழித்துப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். மேவிஸ் குடிக்கவில்லை.

"மேட்ச் முடிஞ்சதும் அந்த ஆளு இங்கதான் வருவான். நான் இருக்கேனான்னு கேட்டா என்ன சொல்வீங்க டீச்சர்?"

ஹெப்சிபா கெண்டியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்? ஐவி கதை ஊருக்கே தெரியும். நான் கௌம்புறேன்."

"எங்க போவ?"

"தெரியல."

"அப்ப மேல போ. புள்ளைய அணைச்சு வச்சுக்க." அதற்குமேல் ஒரு வாக்கும் அவளால் கொடுக்க முடியவில்லை.

கிளிஃப் வந்தான். அவளிடம் படித்தவன்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் குடிச்சிருக்கேன் டீச்சர், ஆனா மரியாதை தப்ப மாட்டேன். ஒரு ஆப்பிளத் திருடிட்டு இல்லேன்னு சொன்னதுக்கு என்னை மூலைல நிக்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அதனாலதான் உங்களக் கேக்கறேன். மேவிஸ் இங்க இருக்காளா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதே வாசல், அதே கேள்வி. கிளிஃபின் உதட்டோரம் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பையும் அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அப்போது பின்னால் மாடிப்படியில் இருமல் கேட்டது. மேவிஸ் ஆலைக்குப் போனவளே இல்லை. கிளிஃப் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவனுக்குக் கேட்கவே இல்லை. இருமல் ஒவ்வொரு படியாக இறங்கி, ஹெப்சிபாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"இல்ல கிளிஃப். இங்க யாரும் இல்ல."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "நீங்க சொன்னா சரி. வேற எவ சொல்லியிருந்தாலும் மேல ஏறிப் பாத்திருப்பேன். தப்பா நெனச்சுக்காதீங்க." தொப்பியை மாட்டிக்கொண்டு பனிக்குள் போனான். ஹெப்சிபா கதவைச் சாத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆயுசு பூராவும் சேர்த்துவைத்த பேரை ஒரே வார்த்தையில் செலவழித்தாயிற்று. ஆனால் மாடியில் ஒரு உயிர் இருந்தது, குழந்தையோடு சேர்த்தால் இரண்டு. சாயங்காலமே மேவிஸை லீட்ஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடித்தாள். நண்பர்கள் மத்தியில் பொய்யோடு உட்கார்ந்திருப்பது நெருப்பில் உட்கார்ந்திருப்பதுதான். ஆனால் சொன்னால் சாப்பாட்டு வேளைக்குள் அது கிளிஃப் காதுக்குப் போய்விடும். மேவிஸ் எந்தப் பஸ்ஸில் போனாள் என்று கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வழக்கமான இருமலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஐவி நிம்மதியாகப் போய்விட்டாளோ? நினைக்கும்போதே அழுகை முட்டியது.

கூட்டம் முடிந்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். ஹெப்சிபாவின் கை, பாவம், அதுவாகவே இடப்பக்கத்துக் காலி நாற்காலியை நோக்கி நீண்டது.

ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. சில்லென்று, கால்வாய்த் தண்ணீர் சொட்டச் சொட்ட. குலுக்கிவிட்டு விடவில்லை, பிடித்தபடியே இருந்தது.

வலப்பக்கத்திலிருந்து பெசி எட்டிப் பார்த்தாள். "கையை எங்க நீட்டிட்டு இருக்க? யாரு அங்க?"

"யாரும் இல்ல" என்றாள் ஹெப்சிபா. இந்தத் தடவை அவளுக்கு நாக்கு ஒட்டவே இல்லை.