இரண்டாவது முறை சொன்னது

பதினேழு உகுலேலேக்கள் சேரும் வரைக்கும் மெல்பா சூசாவுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. ஹிலோ என்ற தீவு ஊரில் தகரக் கூரை போட்ட பழைய மர வீடு அவளுடையது. அதன் கூடத்துச் சுவரில் பதினேழு உகுலேலேக்கள் ஆணிகளில் தொங்கின. சின்ன கிட்டார் மாதிரி, நாலு தந்தி, கைக்குழந்தை அளவு உடம்பு. கடையில் புதிதாக வாங்கியது ஒன்றுகூட இல்லை. வீடு காலி செய்கிறவர்களிடமும் அடகுக் கடையிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பொறுக்கியவை. யாரோ பல வருஷம் வாசித்து, நகம் பட்டுப் பட்டு மரம் வெளுத்திருந்தால்தான் அவளுக்குப் பிடிக்கும். அவளுக்கு வாசிக்க வந்ததென்னவோ மூன்றே பாட்டுகள். பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைப்பாள். அதுவே அவளுக்குப் போதும்.

பதினெட்டாவது, கெஹாவ் ஆன்ட்டி வீட்டிலிருந்து வந்தது.

சர்ச்சுக்காக இரவல் வாங்கியிருந்த மடக்கு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் மெல்பா அங்கே போனாள். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத வீடு அது. ஆன்ட்டி சோறும் காய்ந்த மீனும் எடுத்து வைத்தார். அவருடைய கணவர் வெண்டல் அங்கிள் எதிரில் உட்கார்ந்து, மெல்பாவின் பழைய காரைப் பற்றிக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்குவதை மெல்பா பார்த்தாள். கோஆ என்ற உள்ளூர் மரம், தேன் நிறம். தந்தியை முறுக்கும் பிருடைகளில் ஒன்று மட்டும் யாரோ கத்தியால் செதுக்கிப் பொருத்தியது. ஆன்ட்டி பதினாறு வயதில் பப்பாளிப் பழம் அடுக்கும் வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் வாங்கியதாம். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் சர்ச்சில் அதைத்தான் வாசிக்கிறாராம்.

“எவ்வளவு அழகா இருக்கு, ஆன்ட்டி” என்று மெல்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். சின்ன வயதில் யார் வீட்டுக்குக் கிளம்பினாலும் அம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சொல்வாள். அவர்கள் வீட்டுப் பொருள் எதையும் அழகென்று சொல்லாதே, சொன்னால் எடுத்து உன் கையில் கொடுத்துவிடுவார்கள், கொடுக்காமல் இருக்க அவர்களால் முடியாது. தரையைப் பார், சாப்பிடு, வா.

ஆன்ட்டி சிரித்துவிட்டு இன்னொரு துண்டு மீனைத் தள்ளி வைத்தார். வாய் தவறி வந்த சொல்லென்று விட்டுவிட்டார். அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மெல்பா தரையைத்தான் பார்த்தாள். ஆனால் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போகிற வழியில் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றாள்.

“இந்த மாதிரி ஒண்ண நான் எங்கயுமே பாத்ததில்ல, ஆன்ட்டி” என்றாள்.

இந்தத் தடவை வாய் தவறவில்லை. அங்கிள் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆன்ட்டி எழுந்து வந்து, ஆணியிலிருந்து அதை எடுத்து, முந்தானை போல் தோளில் கிடந்த துண்டால் ஒரு துடை துடைத்து, மெல்பாவின் கையில் வைத்தார். மெல்பா இரண்டு தடவை வேண்டாமென்றாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. காரில் பக்கத்து இருக்கையில் அதை உட்கார வைத்துப் பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாள் சர்ச்சில் ஆன்ட்டி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் உகுலேலே. குழந்தைகள் வைத்து விளையாடுவது, முதுகில் டால்ஃபின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி அது சத்தம் போட்டது. ஆன்ட்டி அதற்கும் சேர்த்து உரக்கப் பாடினார். பழையது எங்கே என்று யாரோ கேட்டார்கள். நல்ல வீட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னதை மூன்றாவது வரிசையில் இருந்த மெல்பா கேட்டாள். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு முடியும் முன்பே பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. துடைக்கிற துணி மடித்தபடியே கிடந்தது. சனிக்கிழமை அந்த உகுலேலேவைத் தூக்கிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுப் படியேறினாள். ஆன்ட்டி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டார்.

“குடுத்தத திரும்ப வாங்கிக்கிட்டவன்னு என்னைப் பேர் எடுக்கச் சொல்றியா?” என்றார். கோபமில்லை. மெல்பா திரும்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்கு யோசனை தோன்றியது. ஆன்ட்டியைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே அதை மாட்ட வேண்டும். அழகாயிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நொடி எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே போய்விடும். மறுப்பதற்கும் ஆன்ட்டிக்கு இடம் இருக்காது.

இருவரும் வந்தார்கள். பீன்ஸும் காரமான சாசேஜும் போட்டுப் பெரிய பானை நிறைய மெல்பா சூப் வைத்திருந்தாள். சுவரைப் பார்த்த அங்கிள் வாயைப் பிளந்தார்.

“அடேயப்பா, இத்தனையும் ஒனக்கா? அதுல அந்த...”

மேசைக்கு அடியில் ஆன்ட்டியின் கால் அவரை எட்டி உதைத்திருக்க வேண்டும். அங்கிள் சட்டென்று கிண்ணத்துக்குள் குனிந்து, சூப் பிரமாதம் என்றார்.

ஆன்ட்டி நிமிரவே இல்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து தரை, மேசை, கிண்ணம், இவ்வளவுதான். நாற்பது வருஷம் மடியில் வைத்திருந்த பொருள் நாலடி தூரத்தில் தொங்குகிறது, ஒரு தடவைகூடக் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவில்லை. மெல்பா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அங்க மாட்டினது எப்படியிருக்கு, ஆன்ட்டி?” என்று கேட்டே விட்டாள்.

“ஆணி உறுதியா இருக்கான்னு பாத்துக்கோ” என்றார் ஆன்ட்டி, ரொட்டியைப் பிய்த்தபடி.

சாப்பாடு முடிந்ததும் மெல்பா எழுந்தாள். சூப் பானையையாவது எடுத்துப் போகச் சொன்னாள். அங்கிள் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாமல் பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். ஆன்ட்டி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, அன்னிக்கு மொதல் தடவ வாய் தவறி வந்துது.” மெல்பா தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பேசினாள். “ரெண்டாவது தடவ தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க குடுத்துடுவீங்கன்னு தெரிஞ்சு.”

“தெரியும்டி.”

ஆன்ட்டி இன்னொரு கிண்ணத்தை மேலே வைத்தார்.

“மூணாவது தடவ சொல்லிட்டா அப்புறம் நீ என் மொகத்துல முழிக்க முடியாது. அதுக்குள்ள எறக்கிக் குடுத்துடணும்னுதான் அவசரமா எழுந்தேன்” என்றார் ஆன்ட்டி.

மெல்பா குழாயைத் திறந்துவிட்டாள். ஏதும் கழுவவில்லை. கைகளை மட்டும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே அங்கிள் ஹாரன் அடித்தார். மழைக்காலத்தில் அந்தக் கோஆ மரம் உப்பும், ராத்திரி தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வை என்று ஆன்ட்டி சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். போய், அங்கேயே நின்றார். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுக்காமல் அந்த ஊரில் யாரும் யார் வீட்டிலிருந்தும் கிளம்புவதில்லை. வேறு வழியில்லாமல் மெல்பா ஈரக் கையோடு போய்க் கன்னத்தைக் கொடுத்தாள்.

“இப்படிச் சுடுதே, காய்ச்சலா?”

“இல்ல, ஆன்ட்டி” என்றாள் மெல்பா, அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு.