செயின் சத்தத்தை யார் வைத்துக்கொள்வது

அந்த ஊரில் ஒரு பொருளிலிருந்து கழற்றிய சத்தத்தைக் கீழே போடக் கூடாது. யாராவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அங்கே வீடுகள் அத்தனை அமைதியாக இருந்தன. நிறைமதியின் வீட்டில் கேட்டின் கிறீச்சு அம்மாவின் இடது தோளில் இருந்தது. மிக்ஸி நெஞ்சில். மின்விசிறியின் கடகடப்பு முழங்காலில். எல்லாவற்றையும் ஏன் அம்மாக்களிடமே கொடுக்கிறோம் என்று பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் நிறைமதி ஒருமுறை கேட்டாள். நேரம் முடிந்தது என்று நடுவர் மணியடித்தார். மணியின் சத்தம் அவருடைய மனைவியிடம் இருந்ததால் நிறைமதி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

அம்மாவின் உடம்பில் தொண்டை மட்டும்தான் மிச்சம். அங்கே அவளுடைய சொந்தக் குரல் குடியிருந்தது.

நிறைமதி போர்ட்டிகோவிலேயே ஒரு மூன்று சக்கர வண்டி கட்டியிருந்தாள். அதன் உடல் ஒரு பழைய இரும்புக் கட்டில். பின்சக்கரத்தை ஒரு செயின் இழுக்கும். அன்று சாயங்காலத்துக்குள் சோதனைத் திடலில் அதைக் காட்ட வேண்டும். செயின் சத்தம் கேட்டால் வண்டியை அங்கேயே ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். செயினோ மதியத்திலிருந்து 'டக்', 'டக்' என்றது.

சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் ஒரு டக். அப்படியென்றால் கோளாறு சக்கரத்தில் இல்லை, செயினில். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தாள், இருந்தன. தொய்வும் அளவாகத்தான் இருந்தது. பிறகு கண்ணி கண்ணியாக உருட்டினாள். ஒரே ஒரு கண்ணி மட்டும் வளைய மாட்டேன் என்று விறைத்து நின்றது. டீசல் விட்டு, குறடால் இப்படியும் அப்படியும் அசைத்தாள். அது வளைந்தது. சத்தம் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்து, கோழிக்குஞ்சு மாதிரி வெதுவெதுவென்று துடித்தது.

அதைத் தானே வைத்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். கையெல்லாம் கிரீஸ். "ஒரு நிமிஷம் பிடிங்கப்பா, கை கழுவிட்டு வந்து நான் வாங்கிக்கறேன்" என்று அப்பாவிடம் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் கை காலியாக இருந்தது.

"எங்கப்பா?"

"எப்பவும் வைக்கிற இடத்துலதான், கண்ணு."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். டக் என்றது.

கேட்டுவிட்டு வைத்தீர்களா என்று நிறைமதி சண்டைக்கு நின்றாள். கேட்டால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறாள் என்றார் அப்பா. தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதையும் ஞாபகப்படுத்தினார். வாதத்துக்கு நேரமில்லை. ஒருவருக்குள் போன சத்தம் இன்னொருவருக்கு மாறாது, ஏதாவது ஒரு பொருளுக்குள்தான் இறங்கும். சத்தத்தை வைத்திருப்பவர் சோதனைக்குக் கூட வர வேண்டும் என்றும் விதி இருந்தது. அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மா வாயைத் திறந்தால்தான் டக் என்றது.

திடலில் ஆய்வாளர் குனிந்து செயினில் காது வைத்தார். திருப்திதான்.

"சத்தம் யார்கிட்ட இருக்கு?"

அம்மா கையைத் தூக்கினாள்.

"உங்க சம்மதத்தோடதானேம்மா?"

"டக்" என்றாள் அம்மா.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முத்திரையை ஓங்கினார். நிறைமதி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது சம்மதம் இல்ல சார். அது என் செயின்."

பக்கத்தில் ரம்பக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நிறைமதி கட்டில் வண்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துச் செயின்மேல் வைத்து, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினாள். முதல் சுற்றில் டக் தொண்டையிலிருந்து இறங்கியது. அம்மா இருமினாள், கையை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் கேட் இறங்கியது. பிறகு மிக்ஸி, மின்விசிறி, நிறைமதிக்கே தெரியாமல் இருந்த குக்கர் விசில், அப்பாவின் குறட்டை. வண்டி, சத்தம் கழற்றாத காலை நேரத்து வீடு மாதிரி இரைந்தது. வரிசையில் பின்னால் நின்ற வண்டிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

செயின் சத்தம் வருகிறது, வண்டி தள்ளுபடி என்றார் ஆய்வாளர்.

"இதுல எது செயின் சத்தம்? தொட்டுக் காட்டுங்க சார். காட்டிட்டு அறுங்க."

அவர் மறுபடி காது வைத்தார். இதுவா என்றார். அது மிக்ஸி என்றாள் அம்மா. குரல் கரகரத்தாலும் அவளுடையதுதான். அப்படியானால் இது?

"அது எங்க வீட்டுக்காரர் குறட்டைங்க."

வெகுநேரம் கேட்டார். செயின் பிடிபடவில்லை. மிக்ஸிக்காக வண்டியை அறுக்க விதியில் இடமில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில், அத்தனை கனமும் இறங்கிவிட்டதால், அம்மா இருக்கையிலிருந்து மெல்ல எழும்பினாள். நிறைமதி டூல் பெட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"அதை எடுத்துடு கண்ணு. கொஞ்ச தூரம் இப்படியே வரேன்."

எடுத்துவிட்டாள். அம்மா முந்தானையைக் கட்டில் கம்பியில் முடிந்துகொண்டு, மின்கம்பிகளில் படாதபடி மேலேயே வந்தாள். அன்று கடையில் உளுந்து வாங்க வேண்டும் என்று அங்கிருந்து சொன்னாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. அம்மாவும் நின்றாள்.