சிரிக்கிற எழுத்து

"அம்மா, இந்த எழுத்தெல்லாம் ஏன் சிரிக்குது?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குழந்தை கையால் கிறுக்கியதுபோல் ஏறியும் இறங்கியும் துள்ளும் எழுத்துரு அது. பிறந்தநாள் அட்டைக்கும் மிட்டாய் உறைக்கும் அதைப் போட்டு அச்சகத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். அந்தத் தெம்பில் கழிவறை கழுவும் திரவத்தின் லேபிளுக்கும் அதையே போட்டாள்.

எந்த லேபிளானாலும் சரக்கு நிரப்பிய மாதிரிப் பாட்டிலில் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். மற்ற பாட்டில்களுக்கு நடுவே எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, முன்னறையில் அச்சக முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே அச்சுக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டார் அவர். சரியென்று சொல்ல வாயெடுத்தாள்.

உள்ளே டம்ளர் உருண்டது. பிறகு சத்தமே இல்லை.

ஓடினாள். கடவுளே, கடவுளே என்பதற்கு மேல் வேண்டுதல் வரவில்லை.

தரையெல்லாம் நீலத் திரவம். பின்வாசல் வழியாக வந்திருந்த பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மகளின் உதட்டைப் பார்க்க இவளுக்குத் துணிவில்லை.

"குடிக்கலடி. வாய்கிட்ட போறதுக்குள்ள தட்டிவிட்டுட்டேன்."

நம்பிக்கை வராமல் மகளின் வாயைத் திறந்து முகர்ந்தாள், நாக்கைத் துடைத்துப் பார்த்தாள்.

"ஜூஸ்னு நெனச்சேன்," என்றாள் மகள் அழுகையோடு.

"அவளைத் திட்டாத. நீ போட்டிருக்கிற எழுத்தைப் பார்த்தா எனக்கே தாகம் எடுக்குது," என்றாள் அக்கா.

இவள் முதலாளியை மறுபடி அழைத்தாள். வேலையே போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"அண்ணே, அச்சுல ஓட்டாதீங்க. பார்த்தாலே புள்ளைங்க ஒதுங்கிப் போற மாதிரி வேற எழுத்து போட்டுத் தரேன்."

காரணத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிற்று. தன் வீட்டிலும் ஒன்று தவழ்கிறது என்று சொல்லி, வேலையை நிறுத்திவைத்தார்.

அப்போதுதான் கவனித்தாள். அக்கா வலது கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். திரவம் பட்ட விரல்கள் சிவந்து கன்றியிருந்தன. உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த மனிதரையும் கலங்க வைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவசர உதவிக்கு இருக்கட்டுமென்று இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு வீட்டிலும் இருக்கும். மறுநாள் அக்கா கைக்குக் கட்டு மாற்றப் போயிருந்த நேரம், இவள் அந்தக் கதவைத் திறந்தாள். தையல் இயந்திரத்தின் மேல் பள்ளிச் சட்டைகள் பித்தான் இல்லாமல் குவிந்து கிடந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைத்தாள். கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டைகளை மடித்து அடுக்கினாள். ஓசைப்படாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.