செவ்வாய்க்கிழமை சவரம்

சிங்காரத்திடம் தலையைக் கொடுக்க ஆள் உண்டு. கழுத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சிதம்பரம் மேல வீதியில், மைத்துனன் உத்திராபதியின் சலூனில் ஒன்பது மாதமாக இதுதான் நிலவரம். குடித்துக்கொண்டிருந்த நாளில் ஒரு காலேஜ் பையனின் காதோரம் கத்தி இறங்கி நாலு தையல் போட்டார்கள். சிங்காரம் குடியை விட்டுவிட்டான். அந்த நாலு தையலை ஊர் விடவில்லை. முடிவெட்ட அவனிடம் உட்காருகிறவர்கள், சவரம் என்றதும் நாசூக்காக நாற்காலி மாறி உத்திராபதியிடம் போய்விடுவார்கள். கொடுமை என்னவென்றால், அவர்கள் மாறிப் போனது அவனுக்கே நிம்மதியாக இருந்தது. கத்தியை எடுத்தால் கை நடுங்குமா, நடுங்காதா? எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். அந்தத் தைரியம்தான் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு லீவு. அன்றைக்கு பஸ் ஏறி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த மறுவாழ்வு மையத்துக்குப் போவான். அவனைப் போலவே குடியை விட்ட பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். யாரும் யாருக்கும் பட்டம் கொடுத்ததில்லை.

2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வழக்கம் கெட்டது. ‘வெற்றிச் சுடர்’, ‘தன்னம்பிக்கைத் திலகம்’, ‘எழுச்சி நாயகர்’ என்று மூன்று பட்டத்துக்குக் கீழே, இடம் போதாமல் சின்ன எழுத்தில் ‘அன்பரசு’ என்று ஒரு பேனர் வாசலில் தொங்கியது. தன்னம்பிக்கைப் பேச்சாளர். சென்னையிலிருந்து முந்தின நாளே வந்து மையத்தின் மாடியறையில் தங்கியிருந்தார். ஆளாளுக்குத் தொழில் கருவியோடு வர வேண்டும், மேடையில் அதைத் தூக்கிப் பிடித்து “நான் நம்பிக்கைக்குரியவன்” என்று மூன்று முறை முழங்க வேண்டும் என்று உத்தரவு. வட்டத்தில் ஒருவனான, ஷேர் ஆட்டோ ஓட்டும் கொளஞ்சியப்பன் ஆட்டோவின் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். சிங்காரம் சவர சாமான்களைத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, பையின் ஜிப்பையும் இழுத்து மூடியிருந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு மாடியிலிருந்து அன்பரசு இறங்கி வந்தார். முகத்தின் வலது பக்கம் பேனரில் இருந்த அதே மனிதர், கத்தரித்து விட்ட குறுந்தாடியோடு. இடது பக்கம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர். பாதி வேலையில் மின்சாரம் போய், கையில் இருந்த தாடி மெஷின் நின்றுவிட்டது. அந்த வருஷம் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று கடலூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சென்னைக்காரருக்குத் தெரியவில்லை.

“பக்கத்துல ஒரு சலூன் காட்டுங்க. பத்தரைக்கு கலெக்டர் ஆபீஸ்லேருந்து அதிகாரி வர்றாரு.”

“செவ்வாக்கெழம சார்,” என்றான் கொளஞ்சியப்பன். “எந்தக் கடையும் தொறக்காது. ஆனா ஒன்னும் கவலப்படாதீங்க, தோ நிக்கிறான் பாருங்க எங்க சிங்காரம். மேல வீதிக்காரன். கத்தியோட வந்திருக்கான், நீங்க சொன்னபடியே.”

அன்பரசு சிங்காரத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். “கை... இப்ப எப்படி?”

“குடிய விட்டு ஒம்போது மாசம் ஆவுது சார். கத்திய எடுத்தும் ஒம்போது மாசம் ஆவுது,” என்றான் சிங்காரம். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

தன்னம்பிக்கைத் திலகம் அரை அடி பின்னால் நகர்ந்தார். “நம்பிக்கை முக்கியம்தான். அதுல மாத்துக் கருத்து இல்ல. இருந்தாலும், முதல்ல வேற யாருக்காவது...”

“நான் இருக்கேன்ல.” கொளஞ்சியப்பன் தாழ்வாரத்து பிளாஸ்டிக் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எட்றா மச்சான். கொரவளைய அறுத்தீன்னா எம் பொண்டாட்டி ஒனக்கு மால போடுவா.”

சிங்காரம் புது பிளேடை உடைத்து மாட்டினான். நுரை போட்டான். கத்தியை உயர்த்தியபோது கை நடுங்கத்தான் செய்தது. இடது கட்டைவிரலால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்தான். வலது சுண்டுவிரல் தானாகப் போய் தாடையில் ஊன்றிக்கொண்டது. நடுக்கம் குறைந்தது. வலப்பக்கம் முடிந்து கழுத்துக்கு வந்தபோதுதான் கவனித்தான்: கொளஞ்சியப்பன் கண்ணை இறுக மூடியிருந்தான். கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது. பயல் பயந்துபோயிருக்கிறான். பயந்துபோய், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நினைப்பில் கத்தி ஒரு நூல் பிசகியது. கடுகளவு ரத்தம்.

சிங்காரம் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். “எந்திரி. போதும்.”

“எது போதும்? பாதி மூஞ்சிக்காரன் ஏற்கெனவே ஒருத்தரு இருக்காரு, ரெண்டாவது எதுக்கு? ஸ்டாண்டுல போயி எந்தப் பக்கத்தக் காட்டி நிப்பேன்? கொசு கடிச்சா இதவிட ஜாஸ்தி ரத்தம் வரும். செய்யிடா!”

படிகாரத்தைத் தேய்த்தான். மறுபடி கத்தியை எடுத்தான். எடுத்தது தனக்காக இல்லை. ஒருத்தனைப் பாதி முகத்தோடு அனுப்புவது தொழிலுக்கே அசிங்கம். அப்புறம் கை நடுங்கியதா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பார்க்க நேரமில்லை. கொளஞ்சியப்பன் தலையை ஆட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். “வாய மூட்றா, ஆடாத,” என்று ஓர் அதட்டல். ஒன்பது மாதத்தில் சிங்காரம் யாரையும் அதட்டியதில்லை.

அடுத்து அன்பரசு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நம்பிக்கையின் நான்கு படிகள் பற்றி ஆரம்பித்தார். இரண்டாம் படியில் சிங்காரம் அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினான். “பேசாதீங்க சார். மீச கோணிக்கும்.”

எழுச்சி நாயகர் பத்து நிமிஷம் வாய் திறக்கவில்லை. அவரை அழைத்தவர்கள் எவருக்கும் கிடைக்காத பாக்கியம். இரண்டு பக்கத் தாடியும் ஒன்றுபோல அமைந்தது. தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லா பண்ணியிருக்கீங்க,” என்றார் மெதுவாக. முழக்கமும் படியும் இல்லாமல் ஒருவரை அவர் பாராட்டி அப்போதுதான் கேட்டார்கள். அந்த நிமிஷம் சிங்காரத்துக்கு ஆளையும் பிடிக்கத்தான் செய்தது.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். மைக்கில் அன்பரசின் குரல் கிளம்பியது. உள்ளே நாற்காலிகள்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆட்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள், தோளில் துண்டோடு, ஒருவர் பின் ஒருவராக. அவர்களில் இரண்டு பேர் அன்று காலையில்தான் வீட்டில் சவரம் செய்துகொண்டு வந்தவர்கள்.

“சிங்காரண்ணே, கூட்டம் ஆரம்பிச்சிட்டாங்க,” என்றான் நாற்காலியில் இருந்தவன்.

“ஆரம்பிக்கட்டும். நீ தாடையத் தூக்கு.”